போர்ப்படம் பார்த்தால் வெறுப்பு வரவேண்டாமா? எனக்கு விறுவிறுப்புதான் வருகிறது

நடுவரிசை நாற்காலி (கேள்வி)

போர்ப்படம் என்றால் விடமாட்டேன். ஆனால் கொஞ்ச நாளாக ஒன்று உறுத்துகிறது. 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998), 'பிளாக் ஹாக் டவுன்' (2001) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். நவீனப் போர் எவ்வளவு தாறுமாறானது, எவ்வளவு வீண் என்பதை முகத்தில் அறைந்தாற்போல் காட்டிய படங்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தாறுமாறு சரி. கை துண்டாகிறது, குடல் சரிகிறது, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பிடிபடவில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்ததோ நாற்காலி நுனியில். படம் முடிந்ததும் 'ரையனி'ல் வரும் அந்தக் கடற்கரைச் சண்டைக் காட்சியை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வெறுக்க வேண்டிய ஒன்றை யாராவது திரும்ப ஓட்டிப் பார்ப்பார்களா?

கோளாறு என்னிடமா, படத்திடமா? குழப்பத்தை உள்ளபடி காட்டிவிட்டால் "இத்தனையும் எதற்கு?" என்ற கேள்வி தானாக வந்துவிடும் என்பது உண்மைதானா?

போர் எதிர்ப்புப் படம் என்று ஒன்று கிடையாது என்ற பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவின் கருத்தை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள், அது எங்கு போனாலும் காதில் விழுகிறது. சினிமா வேலை தெரிந்தவர்கள், சீருடை போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மிக்ஸிங் மேஜை

ஒலிக்கலவைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் காது வழியாகவே பதில் சொல்கிறேன்.

திரையில் தெரியும் குழப்பம்தான் அந்தப் படத்திலேயே அதிகமாகக் கணக்குப் போட்டுச் செய்த பகுதி. நிஜத் துப்பாக்கி, சுடுகிறவர் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். திரையரங்கில் ஒரு சானலுக்கு உச்சம் 105 டெசிபல் என்று வைத்துத்தான் கலக்கிறோம். ஆகவே சத்தத்தைக் கூட்டிப் போரைக் கொண்டுவர முடியாது. வெடிக்கு முந்தைய அரை நொடியில் மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்குவோம். அடுத்து வருவது நெஞ்சில் விழும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அலறுவதை அப்படியே விட்டால் வெறும் இரைச்சல். அதில் ஒரு குரலை மட்டும் சற்றே தூக்கிவிட்டால் காட்சி.

கேமராவும் அப்படித்தான். 'ரையன்' கரையிறங்கும் காட்சிக்கு ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி, ஷட்டரை, அதாவது ஃபிலிமில் ஒளி விழ வழிவிடும் தட்டின் திறப்பை, வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90க்கும் 45க்கும் குறைத்தார். 45 டிகிரியில் ஒரு ஃபிரேம் பதிவாகும் நேரம் கிட்டத்தட்ட 1/192 நொடி. அசைவில் வரும் மங்கல் காணாமல் போகும். வெடித்து எழும் மணலைத் துகள் துகளாகப் பார்க்கலாம். அந்தக் கரையில் நிஜமாகக் குப்புறக் கிடந்தவனுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது. உங்களுக்குக் கிடைக்கிறது, அதுவும் நகை மாதிரி மின்னிக்கொண்டு.

'பிளாக் ஹாக் டவுன்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லாரும் ஒரே சீருடை, ஒரே புழுதி, ஒட்ட வெட்டிய ஒரே தலை. பார்க்கிறவருக்கு ஆள் அடையாளம் தவறிவிடக் கூடாது என்று ஹெல்மெட்டில் பெயரை எழுதிவிட்டார்கள். படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் வாங்கிய படம் அது. குழப்பத்தைக் குழப்பமில்லாமல் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை என்னிடம் வந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

எனவே கோளாறு உங்களிடம் இல்லை. உங்களை நுனிக்கு வரவழைக்கத்தான் இத்தனை பேர் கண் விழிக்கிறோம்.

காது விஷயத்தில் ஒரு படம் மட்டும் வேறு மாதிரி: எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் ஸீ' (1985). காட்டில் குண்டு விழுந்ததும் சிறுவன் காதில் ரீங்காரம் தொடங்குகிறது. 'ரையனி'லும் கேப்டனுக்குக் காது அடைக்கும், ஆனால் சற்று நேரத்தில் தெளிந்து, படம் இன்னும் வேகமாகக் கிளம்பும். அங்கே செவிடு என்பது ஓர் இளைப்பாறல். கிளிமோவோ அந்த ரீங்காரத்தைக் காட்சி தாண்டிக் காட்சியாக இழுத்துக்கொண்டே போகிறார். அடியில் பேசுவது பாதி விழுகிறது, பாதி விழவில்லை. எரிச்சல் வருகிறது. வரட்டும் என்று விட்டிருக்கிறார். என் தொழிலில் அதற்குத் துணிச்சல் வேண்டும். தயாரிப்பாளர் முதலில் கேட்பதே "டயலாக் கிளியரா இருக்கா?" என்றுதான்.

பழைய வயர்லெஸ்

தம்பி, நான் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே சொன்னவர் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் சத்தத்துக்குள் இருக்கும் தகவலைப் பற்றிச் சொல்கிறேன்.

தூரத்திலிருந்து ஒருவன் ரைஃபிளால் சுட்டால் இரண்டு சத்தம் வரும். தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால், உன்னைத் தாண்டும்போது சாட்டை சொடுக்கியதுபோல 'சடக்' என்று முதலில் ஒன்று. பிறகுதான் துப்பாக்கி வாயிலிருந்து கிளம்பிய 'டொம்'. முதல் சத்தத்தை வைத்துச் சுட்டவன் எங்கே என்று சொல்ல முடியாது. இரண்டாவதை வைத்துத்தான் திசை தேட வேண்டும். வெட்டவெளியில் அது கைகொடுக்கும். இருபக்கமும் சுவர் இருக்கிற தெருவில் அந்த 'டொம்' நாலு சுவரில் மோதி நாலு திசையிலிருந்தும் வரும். எங்கிருந்து சுடுகிறான் என்று தெரியாமல் எல்லாரும் எல்லா ஜன்னலையும் பார்த்துச் சுடுவார்கள். குழப்பம் என்றால் எங்களுக்கு இதுதான்: தெரியாமை.

சினிமாவில் என்ன நடக்கிறது? ஒருவன் சுருண்டு விழுவான். அடுத்த ஷாட்டிலேயே மாடி ஜன்னல், அதில் ஒருத்தன், கையில் துப்பாக்கி. கேள்வி எழுந்த மறுவினாடியே விடை வந்துவிடுகிறது. உனக்கு விறுவிறுப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். விடை வராமல் இருந்திருந்தால் வேறு ஏதோ வந்திருக்கும். அது அவ்வளவு ருசியாக இருந்திருக்காது.

'பிளாக் ஹாக் டவுனி'ல் எனக்குப் பிடித்தது துப்பாக்கிச் சண்டை அல்ல, வழி தவறும் அந்த கான்வாய், ராணுவ வண்டி வரிசை. 1993 அக்டோபர் 3, சோமாலியாவின் மொகதிஷு. அங்கே ஆயுதக் கூட்டத் தலைவனாக இருந்த ஃபரா ஐதிதின் இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிவிடலாம் என்று அமெரிக்கப் படையினர் கிளம்பினார்கள். ஆர்.பி.ஜி. (தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டு) பட்டு இரண்டு ஹெலிகாப்டர் விழுந்தது, எல்லாம் முடிய மறுநாள் காலை ஆயிற்று. விழுந்த இடத்துக்குப் போக வேண்டிய வண்டிகளுக்கு மேலே பறந்த கண்காணிப்பு விமானத்திலிருந்து வழி சொன்னார்கள். ஆனால் விமானத்தில் பார்க்கிறவர் நேரே வண்டிக்குச் சொல்ல முடியாது. தகவல் தலைமையகம் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு கீழே வர வேண்டும். "இடது பக்கம் திரும்பு" என்ற சொல் ஓட்டுநர் காதில் விழும்போது அந்த இடது பக்கம் ஏற்கெனவே பின்னால் போயிருக்கும். உடனே அடுத்த தெருவில் திரும்புவார், அது தப்பான தெரு. அங்கே இன்னும் நாலு பேருக்குக் குண்டு படும்.

மேலே இருக்கிறவருக்கு எல்லாம் தெரிகிறது, கீழே இருக்கிறவர் கேட்டபடியே செய்கிறார், யாரும் கோழையில்லை, யாரும் முட்டாளில்லை. நடுவில் சில வினாடிகள் தாமதம், அவ்வளவுதான். ஆட்கள் சாகிறார்கள். ஒரு குண்டுகூட வெடிக்காத பயிற்சியிலேயே இந்தத் தாமதத்தால் ஒரு கம்பெனி முழுக்க மலையின் தப்பான பக்கம் போய் விடிய விடிய உட்கார்ந்திருந்ததை நான் வயர்லெஸ் செட்டின் முன்னால் இருந்து கேட்டிருக்கிறேன். சாப்பாடு இன்னொரு பக்கம் போய்விட்டது. ஒரு மணி நேரம் கேட்கக் கூசும் வசவு, அதற்கப்புறம் எல்லாரும் மௌனம்.

சண்டையை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் 'ரெஸ்ட்ரெப்போ' (2010) பார். ஆவணப்படம், டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் யூங்கரும் ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் படையோடு கூடவே இருந்து எடுத்தது. படம் நெடுக மலையைப் பார்த்துச் சுடுகிறார்கள், எதிரி முகம் ஒரு தடவைகூட ஒழுங்காகத் தெரியாது. அதில் ஒரு பசு வரும். முள்கம்பி வேலியில் சிக்கிக்கொள்கிறது, வீரர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முகாமுக்கு வந்து பணமாக நஷ்டஈடு கேட்கிறார்கள். பணம் தரமுடியாது, பசுவின் எடைக்கு அரிசியும் பருப்பும் சர்க்கரையும் தருகிறோம் என்று மேலிருந்து பதில் வருகிறது. பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் மக்களைத் தம் பக்கம் கொண்டுவரத்தான் அந்தப் படையே போனது. 2010 ஏப்ரலில் அமெரிக்கா அந்த இடத்தை விட்டே வெளியேறியது. "இத்தனையும் எதற்கு?" என்று கேட்டாயே, அது எனக்குத் தோன்றியது எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லை, அந்தப் பசு பேச்சுவார்த்தையில்தான்.

நடுவரிசை நாற்காலி

ஐயா, அந்த "அடுத்த ஷாட்டிலேயே விடை" என்பதைப் படித்ததும் எழுந்துபோய் மறுபடி சோதித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இனி எந்தப் படத்திலும் ஜன்னல் ஷாட் வந்தால் நீங்கள்தான் நினைவுக்கு வருவீர்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். குழப்பமும் வீணும் வேறு வேறு என்கிறீர்களா?

பழைய வயர்லெஸ்

வேறு வேறுதான். குழப்பம் சண்டை நடக்கும்போது இருப்பது. வீண் என்பது சண்டை முடிந்து கணக்குப் பார்க்கும்போது தெரிவது. வியட்நாமில் 937ஆம் குன்று, 1969 மே மாதம். பத்து நாள் ஏறி ஏறி விழுந்து, எழுபதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களைப் பலி கொடுத்துப் பிடித்தார்கள். ஜூனில் கைவிட்டு இறங்கிவிட்டார்கள். 'ஹாம்பர்கர் ஹில்' (1987) அந்தக் கதைதான். சேறும் ரத்தமும் நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததோடு படம் நின்றுவிடுகிறது. ஏறியதைக் காட்டினால் வீரம். இறங்கியதைக் காட்டியிருக்க வேண்டும்.

களம்பாடி

இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோரம் காட்டினால் வெறுப்பு வரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை. நம்மிடம் பரணி இருக்கிறதே! கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்துக்குப் பேய்கள் வருகின்றன. செத்த யானையின் தந்தத்தால் பல் விளக்குகின்றன, அதன் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன, பிணத்தைக் கொண்டு கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. எந்த ஹாலிவுட் இயக்குநரும் தொடாத எல்லை அது. அத்தனை கோரமும் எதற்கு? குலோத்துங்கனும் கருணாகரத் தொண்டைமானும் வென்ற வெற்றியைக் கொண்டாட. கோரம் கூடக் கூட வெற்றி பெரிதாகிறது. செயங்கொண்டாருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் மறந்துவிட்டது.

'ஜார்ஹெட்' (2005) பார்த்திருந்தால் தெரியும். வளைகுடாப் போருக்குப் போகக் காத்திருக்கும் மரைன்கள் 'அபோகலிப்ஸ் நவ்'வின் ஹெலிகாப்டர் தாக்குதல் காட்சியைப் பார்த்துக் கூட்டமாகக் கூச்சல் போட்டு ரசிப்பார்கள். வியட்நாம் போரின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல எடுத்த காட்சி அது! அப்புறம் அந்தக் கதாநாயகன் ஸ்னைப்பருக்கு என்ன ஆகிறது? எதிரி மேல் ஒரு தோட்டாகூடச் சுடுவதில்லை. ஒரே ஒரு வாய்ப்பு வரும்போது, விசையை அழுத்தும் முன் மேலதிகாரி வந்து நிறுத்தி, விமானத்தைக் கூப்பிட்டுவிடுகிறார். நவீனப் போரில் தனியாள் எவ்வளவு தேவையில்லாதவன் என்பதைச் சுடாத துப்பாக்கியை வைத்துச் சொன்ன படம். திரையரங்கில் அது பெரிதாகப் போகவில்லை. சுடாத போர்ப்படத்துக்கு யார் காசு கொடுப்பார்?

இன்னொன்று, இது பெரியவருக்கு. வீண், வீண் என்கிறோமே, யாருக்கு வீண்? 'பிளாக் ஹாக் டவுன்' கடைசியில் எழுத்துகள் ஓடும்: ஆயிரத்துக்கு மேற்பட்ட சோமாலியர்களும் 19 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள் என்று. அமெரிக்கர்களின் பெயர்கள் வருகின்றன. அந்த ஆயிரத்துக்கு எண் மட்டும்தான். ஹெல்மெட்டில் பெயர் எழுதியவர்களுக்கு மறுபக்கத்தில் ஒருவருக்குக்கூட எழுத இடமில்லை. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள், வீட்டுக் கூரையில் நிற்கிறவர்கள், அவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் அல்லர். "போரே வீண்" என்று பெருமூச்சு விடுவது பெரும்பாலும் படையெடுத்துப் போனவர்களின் படங்களில்தான். 'கம் அண்ட் ஸீ' அப்படி விடுவதில்லை. நாஜிப் படையினர் கொட்டகைக்குள் ஊரையே அடைத்துக் கொளுத்துகிறார்கள். பெலாரஸில் 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்று இறுதியில் எழுதிக் காட்டுகிறார்கள். அங்கே துப்பாக்கி எடுத்தவனிடம் போய் "வீண் வேலை" என்று சொல்ல முடியுமா?

பழைய வயர்லெஸ்

முடியாது. நான் சொன்னது குன்றுக்கு. கொட்டகைக்கு அல்ல.

மிக்ஸிங் மேஜை

களம்பாடி சொன்னது சரியான இடி. இரண்டும் ஒரே படத்தில் இருக்க முடியும் என்பதற்கு உதாரணம் '2000 மீட்டர்ஸ் டு அந்திரீவ்கா' (2025). உக்ரைன் ஆவணப்படம், மிஸ்தீஸ்லாவ் செர்னோவ் இயக்கியது. 2023இல் ஓர் ஒடுங்கிய காட்டுப்பட்டை வழியாக அந்தச் சிற்றூரை மீட்கப் போகிறார்கள், இருபுறமும் கண்ணிவெடி வயல். பாதி படம் வீரர்களின் ஹெல்மெட் கேமராவில் பதிவானது. கொடி நட ஒரு முழு வீடு மிஞ்சவில்லை. நாட்டைக் காக்கப் போனவர்கள், சந்தேகமில்லை. காத்த இடமோ செங்கல் குவியல். நடுவில் ஒரு வீரர் பதுங்குகுழியில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். இயக்குநரின் குரல் குறுக்கே வந்து, இவர் சில மாதங்களில் இறந்துவிடுவார் என்று சொல்லிவிடும். அதற்கப்புறம் அந்த ஆள் பேசுகிற எதையும் நுனியில் உட்கார்ந்து கேட்க முடியாது.

கேள்விக்கு வருகிறேன். "எதற்கு?" என்று நினைக்க வைத்த காட்சிகளை யோசித்தால், எனக்கு வருவதெல்லாம் துப்பாக்கி இல்லாத காட்சிகள். குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) ஒன்று, முதல் உலகப்போர்க் கதை. ஒரு பிரெஞ்சு ஜெனரல் கர்னலுக்குக் கணக்குச் சொல்கிறார்: நம் பீரங்கியே ஐந்து சதவீதத்தைக் கொல்லும், இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே உள்ள வெற்று நிலத்தைக் கடக்கையில் பத்து, முள்கம்பியில் இருபது, குன்றைப் பிடிக்கையில் இருபத்தைந்து. மீதி இருப்பவர்கள் பிடித்த இடத்தைக் காக்கப் போதும் என்கிறார். காய்கறிக் கணக்குச் சொல்லும் குரலில். தாக்குதல் தோற்றதும் கோழைத்தனம் என்று குற்றம் சாட்டி மூன்று பேரைச் சுட்டுக் கொல்கிறார்கள். 1915இல் சுவேன் அருகே நான்கு கார்ப்பரல்களுக்கு இப்படி நிஜமாகவே நடந்தது. 1934இல்தான் அவர்கள் மேல் பழியில்லை என்று தீர்ப்பு வந்தது. பிரான்சில் இந்தப் படம் 1975 வரை திரைக்கு வரவில்லை என்பதிலிருந்தே எங்கே வலித்தது என்று தெரியும்.

2022 ஜெர்மானிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' தொடக்கமும் அப்படியே. செத்தவனின் சீருடையைக் கழற்றி, சாக்கில் கட்டி, ரத்தம் போகத் துவைத்து, வரிசையாகத் தையல் மெஷின்களில் ஓட்டையை அடைத்து, புதிதாகச் சேரும் பையனிடம் கொடுக்கிறார்கள். உள்ளே வேறொருவன் பெயர் இருக்கிறதே என்கிறான். அளவு பொருந்தியிருக்காது என்று சொல்லிப் பெயர்ச்சீட்டைக் கிழித்துக் கீழே போடுகிறார் அதிகாரி. தையல் மெஷின் சத்தம் மெஷின்கன் மாதிரியே கேட்கும். அந்த ஒலிப்பதிவாளருக்கு என் வணக்கம். ஆனால் அதே படத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. போர்நிறுத்தத்துக்குச் சற்று முன் ஒரு பெரிய தாக்குதலை நுழைத்திருக்கிறார்கள். படத்துக்கு மூலமான ரெமார்க்கின் நாவலில் அது கிடையாது. அங்கே கதாநாயகன் பால், 1918 அக்டோபரில், குறிப்பிட எதுவுமே இல்லை என்று அறிக்கை அனுப்பும் அளவுக்கு அமைதியான ஒரு நாளில் சாகிறான். அவன் சாவு ஒரு செய்தியே இல்லை என்பதுதான் கதை. அந்த இடத்தில் போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள்.

பழைய வயர்லெஸ்

கடைசி நிமிடத் தாக்குதல் நாவலில் இல்லைதான், ஆனால் சரித்திரத்தில் உண்டு. 1918 நவம்பர் 11, போர் பதினொரு மணிக்கு நிற்கப்போகிறது என்று காலையிலேயே தெரியும். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10:59க்கு ஜெர்மன் மெஷின்கன்னை நோக்கி ஓடிச் செத்தார். தகவல் முன்கூட்டியே வந்தும் தாக்குதலை நிறுத்தாத தளபதிகள் இருந்தார்கள். மொகதிஷுவில் சொல் தாமதமாக வந்து கெடுத்தது. இங்கே சொல் சரியாக நேரத்துக்கு வந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. இயக்குநர் அதைச் சேர்த்ததில் எனக்குப் புகார் கிடையாது.

மிக்ஸிங் மேஜை

நடந்தது இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா. அந்த இடத்தில் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

நடுவரிசை நாற்காலி

சண்டை போடாதீர்கள், இரண்டு பேர் சொன்னதும் எனக்கு வேண்டும். 'ரெஸ்ட்ரெப்போ', 'பாத்ஸ் ஆஃப் குளோரி' குறித்துக்கொண்டேன். பெரியவர் சொன்ன "தெரியாமை"யை வைத்தே எடுத்த கதைப்படம் ஏதாவது உண்டா? ஆவணப்படம் வேண்டாம், நடிகர்கள் நடித்தது.

பழைய வயர்லெஸ்

'லெபனான்' (2009). சாமுவேல் மாவோஸ் எடுத்தது, அவரே 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய டாங்கிக்குள் இருந்தவர். முதல் ஷாட்டும் கடைசி ஷாட்டும் சூரியகாந்தி வயல். நடுவில் படம் முழுக்க டாங்கிக்குள்ளேயே. வெளியே என்ன நடக்கிறது என்று குறிபார்க்கும் கண்ணாடி வழியாக மட்டும்தான் தெரியும், அதுவும் நடுவில் குறிபார்க்கும் கோடுகளோடு. கண்ணாடி திரும்பும்போதெல்லாம் கியர் அரைக்கிற சத்தம் கேட்கும். எதிர் ஜன்னலில் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் டாங்கி அங்கே திரும்ப வேண்டும். திரும்பும் வரை நீயும் காத்திருக்க வேண்டியதுதான்.